ஒலிபெருக்கியில் ஒரு ‘ஏங்க’

நகரப் போக்குவரத்து அலுவலகத்தின் மேல்மாடியில், ஜன்னலே இல்லாத ஓர் அறையில் உட்கார்ந்து ஊர்ச் சாலைகளையெல்லாம் பார்ப்பது அவளுடைய வேலை. பார்த்தால் மட்டும் போதாது, பேசவும் வேண்டும். சுவர் முழுக்கத் திரைகள். ஒவ்வொரு திரையிலும் ஒரு சந்திப்பு. மேசை மேல் கழுத்து வளைந்த மைக். அதன் அடியிலிருக்கும் பொத்தானை அழுத்தினால் சிவப்பு விளக்கு எரியும். இவள் இங்கே சொல்வது அங்கே சிக்னல் கம்பத்து ஒலிபெருக்கியில் கேட்கும். கோட்டைத் தாண்டி நிற்பவர், ஹெல்மெட்டை முழங்கையில் மாட்டிக்கொண்டு வருபவர், எதிர்த்திசையில் நைசாக நுழைபவர் எல்லாரையும் அந்த இடத்திலேயே, நாலு பேர் முன்னால் திருத்துவதற்கு அலுவலகம் செய்த ஏற்பாடு. அபராதச் சீட்டு வீட்டுக்குப் போய்ச் சேர நாளாகும். குரல் உடனே போய்விடும்.

முதலில் அவள் கீழ்த்தளத்தில் அபராதம் கட்டும் ஜன்னலில்தான் இருந்தாள். பணம் கட்ட வருகிறவர்கள் எல்லாருமே வாசலிலேயே சண்டையை ஆரம்பித்துக்கொண்டு வருவார்கள். பக்கத்து ஜன்னல்களில் கத்தலும் கூச்சலுமாக இருக்கும். இவள் ஜன்னலில் மட்டும் சத்தம் நீடிக்காது. எவ்வளவு கத்தினாலும் இவள் குரல் ஒரு படிகூட ஏறாது. அந்த வழியாகப் போன இன்ஸ்பெக்டர் ஒருநாள் நின்று கேட்டார்.

“ஏம்மா, அந்தாளு அடிக்கிற மாதிரி வந்தாரு. போகும்போது ‘வரேம்மா’ன்னுட்டுப் போறாரு. என்ன சொன்னீங்க?”

“ஒண்ணும் சொல்லல சார். ரசீதை மடிச்சுக் குடுத்தேன்.”

அடுத்த மாதமே மைக் முன்னால் உட்கார வைத்துவிட்டார். அன்றிலிருந்து அலுவலகத்தில் அவளுக்கு ‘மைக்கம்மா’ என்று பெயர்.

அந்த வேலைக்குச் சில விதிகள் உண்டு. சுவரில் ஒட்டியிருக்கும். வண்டி எண்ணைச் சொல்லக் கூடாது. பெயர் தெரிந்தாலும் சொல்லக் கூடாது. உடையின் நிறம், வண்டியின் நிறம், இவ்வளவுதான். ‘தயவுசெய்து’ கட்டாயம். சொன்னதையே இரண்டு முறைக்கு மேல் சொல்லக் கூடாது. அதற்கும் கேட்காதவரை அங்கே நிற்கும் காவலர் பார்த்துக்கொள்வார். அவள் இந்த விதிகளை அப்படியே பிடித்துக்கொண்டாள். “பச்சைச் சட்டை அணிந்து கறுப்பு பைக்கில் இருப்பவர் தயவுசெய்து கோட்டுக்குப் பின்னால் செல்லவும்.” பச்சைச் சட்டை திடுக்கிட்டுக் கம்பத்தை அண்ணாந்து பார்க்கும். கேமரா வேறொரு கம்பத்தில் இருக்கிறது என்பது யாருக்கும் தெரியாது. அதனால் ஊரே அவளுக்குப் பக்கவாட்டு முகத்தைத்தான் காட்டும். சிலர் கும்பிடுவார்கள். ஒருவர் வண்டியை ஓரங்கட்டிவிட்டுக் கம்பத்தோடு வழக்காடினார்: “மஞ்சள்லதான் சார் வந்தேன், நல்லாப் பாருங்க சார்!” பேசியது பெண் குரல். அவர் கம்பத்தைச் சார் ஆக்கிவிட்டார். பக்கத்து நாற்காலிக்காரி சிரித்துச் சிரித்து டீயைச் சிந்தினாள்.

வீட்டில் அவள் பேசுவது ரொம்பக் குறைவு. “பேச்செல்லாம் ஆபீஸ்லயே தீந்துருதுபோல,” என்று கணவர் கிண்டல் செய்வார். அவர் நகரப் பேருந்து ஓட்டுநர். பேச்சில் கெட்டிக்காரர். ஓட்டுவதில் அதைவிடக் கெட்டிக்காரர் என்று அவரே சொல்லிக்கொள்வார்; டிப்போவிலும் அதை யாரும் மறுப்பதில்லை. இத்தனை வருஷத்தில் அவர் வண்டியில் ஒரு கீறல் கிடையாது, அவர் மேல் ஒரு புகார் கிடையாது.

அவரை அவள் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. கல்யாணமான புதிதில் நா வரவில்லை, அப்புறம் அப்படியே பழகிவிட்டது. ‘ஏங்க’ என்ற ஒரே சொல்தான் அவளிடம் இருந்தது. அடுப்படி மேல்தட்டில் எட்டாத டப்பாவை இறக்க ஒரு ‘ஏங்க’. மகளுக்குக் காய்ச்சல் என்றால் வேறொரு ‘ஏங்க’. சட்டைப் பித்தானைத் தப்பாகப் போட்டுக்கொண்டு கிளம்பினால் பாதியில் நின்றுவிடும் ஒரு ‘ஏங்...’ மீதியை அவரே புரிந்துகொண்டு குனிந்து பார்ப்பார்.

அந்தச் சொல்தான் அவளை மாட்டிவிட்டது.

அன்று காலை கூட்ட நேரம். மணிக்கூண்டுச் சந்திப்பில் சிக்னல் சிவப்பில் இருந்தது. ஒரு சிவப்புப் பேருந்து கோட்டில் வந்து நின்றது. நின்ற மாதிரிதான் தெரிந்தது. பிறகு மெதுவாக முன்னால் நகர்ந்தது. அது நகர்ந்ததும் இரண்டு பக்கமும் நின்ற இருசக்கர வண்டிகளும் நகர ஆரம்பித்தன. பாதசாரிக் கோடுகளின் மேல் ஒருத்தி குழந்தையைத் தள்ளுவண்டியில் வைத்துத் தள்ளிக்கொண்டு வந்தாள். பேருந்தின் மூக்கு முன்னால் வந்துவிட்டதால், அதைச் சுற்றிக்கொண்டு போகத் திரும்பினாள். திரும்பிய பக்கம் வேகமாக ஒரு வேன் வந்துகொண்டிருந்தது.

ஓட்டுநரின் முகம் கேமராவில் தெரியாது. ஜன்னலில் மடித்து வைத்த முழங்கை தெரிந்தது. முழங்கைக்கு அடியில் மஞ்சள் துண்டு. முந்தின நாள்தான் அவள் அதைத் துவைத்துக் காயப்போட்டிருந்தாள்.

பொத்தானை அழுத்திவிட்டாள். ‘சிவப்புப் பேருந்தின் ஓட்டுநர் அவர்களே’ என்று வந்திருக்க வேண்டும்.

“ஏங்க! நில்லுங்க! கோட்டைத் தாண்டாதீங்க!”

பேருந்து குலுங்கி நின்றது. தள்ளுவண்டிக்காரி ஒதுங்கிக்கொண்டாள்; வேன் போய்விட்டது. அதோடு இன்னொன்றும் நடந்தது. நகர்ந்துகொண்டிருந்த ஆண்கள் அத்தனை பேரும் ஒரே நேரத்தில் நின்றார்கள். நின்றது மட்டுமில்லை. இரண்டு கால்களையும் தரையில் ஊன்றி, நண்டு மாதிரி உந்தி உந்தி, வரிசையாகக் கோட்டுக்குப் பின்னால் போனார்கள். ஒருவர் ஹெல்மெட்டை எடுத்துத் தலையில் வைத்துக்கொண்டார். அவரை யாரும் எதுவும் சொல்லவில்லை.

கட்டுப்பாட்டு அறையில் எல்லாரும் அவள் பக்கம் திரும்பினார்கள். பிறகு பக்கத்து நாற்காலிக்காரி மெதுவாகக் கேட்டாள்.

“அக்கா, அது மாமாவா?”

அவளுக்குக் காது மடல் வரைக்கும் சூடு ஏறியிருந்தது.

பேருந்துக்குள் என்ன நடந்தது என்பது சாயங்காலம்தான் தெரிந்தது. அவர் வண்டியின் கண்டக்டர் பல முறை அவர்கள் வீட்டில் சாப்பிட்டவர். அந்தக் குரலை அவருக்கு நன்றாகத் தெரியும். “அண்ணே, அண்ணி கூப்பிடறாங்க!” என்று முன்பக்கம் பார்த்துக் கத்தியிருக்கிறார். முதலில் முன்பக்கத்துப் பயணிகள் சிரித்தார்கள், அப்புறம் பின்பக்கம், அப்புறம் ஜன்னல் வழியாகப் பக்கத்துப் பேருந்து. வண்டி டிப்போவுக்குப் போவதற்குள் செய்தி முன்னால் போய்விட்டது. வாசலிலேயே ஒரு மெக்கானிக் கையைத் தட்டி, குரலை மெல்லிசாக்கி, “ஏங்க... வண்டியை ஓரமா நிறுத்துங்க,” என்றான். அன்றிலிருந்து டிப்போவில் அவர் பெயர் ‘ஏங்க’.

அவர் வீட்டுக்கு வந்து, கை கால் கழுவி, தட்டைத் தானே எடுத்து வைத்துக்கொண்டார்.

“சந்தி சிரிக்கும்னு சொல்வாங்க. இன்னிக்கு நேர்லயே பாத்தேன்.”

“குழந்தை வண்டி குறுக்க வந்துச்சு. பயத்துல வந்துருச்சு,” என்றாள்.

“வரட்டும். டிரைவர்னு சொல்லியிருக்கலாம்ல?”

“வழி கேக்கறவங்ககூட யாரைப் பாத்தாலும் ஏங்கன்னுதான் கூப்பிடறாங்க. அதுல என்ன?”

“நீ கூப்பிட்டது அந்த ஏங்க இல்ல. அது எனக்கும் தெரியும், உனக்கும் தெரியும். அங்க நின்ன அத்தனை பேருக்கும் தெரிஞ்சுபோச்சு.” சோற்றைப் பிசைந்தவர் நிறுத்தினார். “அதோட, கோட்டுல நின்னா சிக்னல் தெரியாதுடி. நான் ஒண்ணும் திமிருல நகரல. மேல உக்காந்து பாக்கற உனக்குக் கோடு மட்டும்தான் தெரியும். இனிமே என்னை அப்படிக் கூப்பிடாத.”

சரி என்று விட்டிருக்கலாம். ஆனால் வேறு எப்படிக் கூப்பிடுவது?

அது எவ்வளவு பெரிய சங்கடம் என்பது மறுநாள்தான் தெரிந்தது. அவர் குளியலறையில் இருக்கும்போது டிப்போவிலிருந்து போன் வந்தது. கதவருகில் போய் நின்றாள். இருமினாள். கதவை விரலால் தட்டினாள். அதற்குள் போன் நின்றுவிட்டது. சாப்பாட்டுக்குக் கூப்பிட மூடியைப் பாத்திரத்தில் இடித்தாள். மேல்தட்டு டப்பா வேண்டுமென்றால் ஸ்டூலைப் போட்டுத் தானே ஏறினாள். “அப்பாவைக் கூப்பிடு” என்று மகளை அனுப்பினாள். மகளுக்குப் பள்ளிக்கூடத்துப் பாடம் இருந்தது. வாய்த் துடுக்கும் இருந்தது.

“உங்க ரெண்டு பேருக்கும் நடுவுல நான் என்ன ஒலிபெருக்கியா?”

ஒருநாள் அவர் செருப்பை வாசலுக்குக் குறுக்கே விட்டுவிட்டு வந்து உட்கார்ந்தார். மகள் தடுக்கி விழப் பார்த்தாள். மைக்கம்மாவுக்குச் சொல்லவும் வேண்டும், சொல்ல வாயும் இல்லை. அடுப்படியிலிருந்து, அலுவலகக் குரலிலேயே சொன்னாள்.

“காக்கிச் சட்டை அணிந்து நாற்காலியில் இருப்பவர் தயவுசெய்து செருப்பை ஓரமாக வைக்கவும்.”

மகள் தரையில் உட்கார்ந்து சிரித்தாள். அவர் எழுந்து போய்ச் செருப்பை ஓரமாக வைத்தார். உதடு ஒரு பக்கம் இழுத்துக்கொண்டதை மகள் பார்த்துவிட்டாள். 

அலுவலகத்தில் வேறு மாதிரிப் போனது. இன்ஸ்பெக்டர் அந்தக் காட்சியைத் திரும்பத் திரும்பப் போட்டுப் பார்த்தார். நண்டு மாதிரி பின்வாங்கும் வரிசையைப் பார்க்கும்போதெல்லாம் மேசையைத் தட்டினார்.

“எத்தனை வருஷமா அபராதம் போடறோம், எத்தனை பேரை நிறுத்தி வச்சு வகுப்பு எடுக்கறோம். ஒரு சொல்லு! ஒரே சொல்லு! பாருங்கம்மா, ஒருத்தன்கூட முறைக்கல.” பிறகு சொன்னார்: “பேசாம இதை ரெக்கார்டு பண்ணிடலாம். எல்லாச் சந்திப்புலயும் சிவப்பு விழும்போது உங்க குரல் வரட்டும். ‘ஏங்க, கோட்டைத் தாண்டாதீங்க.’ அப்படியே, அதே மாதிரி. வர்ற வாரம் ஆளுங்களை வரச் சொல்றேன்.”

அவள் தலையை ஆட்டினாள். ஆமென்று ஆட்டினாளா, இல்லையென்று ஆட்டினாளா என்று அவளுக்கே தெரியவில்லை. மறுத்துப் பேசிப் பழக்கமில்லை. இடைவேளையில் பக்கத்து நாற்காலிக்காரியிடம்தான் சொன்னாள்.

“எனக்குப் பதிலா நீ பேசிடறியா?”

அவளும் நல்ல மனசுக்காரி. அன்று மதியமே ஒரு சந்திப்பில் முயன்று பார்த்தாள். “ஏங்க, கோட்டைத் தாண்டாதீங்க.” கல்யாணமாகாத பெண்; குரல் கடன் வசூலிக்க வந்தவள் மாதிரி இருந்தது. ஒரு வண்டிகூடப் பின்னால் போகவில்லை. ஒருவர் மட்டும் தன்னையா என்று திரும்பிப் பார்த்துவிட்டு முன்னால் போய் நின்றுகொண்டார்.

ஆக, அவளேதான் பேச வேண்டும். பேசிவிட்டால் அந்தச் சொல் ஊரிலுள்ள கம்பங்களிலெல்லாம் நாள் முழுக்க ஒலிக்கும். அவர் தினமும் அந்தக் கம்பங்களைத் தாண்டித்தான் வண்டி ஓட்ட வேண்டும். அப்புறம் எந்த வாயால் வீட்டில் அவரை அப்படிக் கூப்பிடுவது? ஊரெல்லாம் கேட்டு அலுத்த குரலுக்கு அவர்தான் எப்படித் திரும்புவார்?

தன் வார விடுப்பு நாளன்று மகளைப் பள்ளிக்கு அனுப்பிவிட்டு, மணிக்கூண்டுக்கு முந்தின நிறுத்தத்தில் போய் நின்றாள். அவர் பேருந்து வந்தது. ஏறினாள். கண்டக்டருக்குக் கண் விரிந்தது.

“அண்ணி! இன்னிக்கு நேர்ல வந்தே கூப்பிடப் போறீங்களா?”

“டிக்கெட் குடுங்க தம்பி,” என்றாள்.

ஓட்டுநர் இருக்கைக்குப் பின்னால் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அவர் கண்ணாடியில் ஒரு முறை பார்த்தார்; பிறகு சாலையைப் பார்த்தார். இவ்வளவு நாளாக மேலிருந்தே பார்த்த சந்திப்பு இப்போது எதிரே வந்தது. அவளுக்கு அடையாளமே தெரியவில்லை. மணிக்கூண்டு இவ்வளவு உயரமா? அந்தப் பழக்கடை இந்தப் பக்கமா இருக்கிறது? வண்டி கோட்டில் போய் நின்றது. சிக்னலைத் தேடினாள். சிக்னல் இருக்க வேண்டிய இடத்தில் பெரிய நீலப் பலகை நின்றது: இடப்பக்கம் மருத்துவமனை, நேரே ரயில் நிலையம். மூன்று விளக்குகளும் அதற்குப் பின்னால் போய்விட்டன. காரிலோ பைக்கிலோ உட்கார்ந்தவருக்குப் பலகைக்குக் கீழாகத் தெரியலாம். பேருந்து ஓட்டுநரின் உயரத்திலிருந்து பலகைதான் தெரிந்தது.

கேமராவில் அவள் அந்தப் பலகையைத் தினமும் பார்த்திருக்கிறாள். அங்கிருந்து அது பக்கவாட்டில் ஒரு குச்சி. குச்சியென்றுதான் நினைத்திருந்தாள்.

அவர் ஸ்டீயரிங்கிலிருந்து ஒரு கையை எடுத்து, உள்ளங்கையை விரித்து, பலகையைக் காட்டினார். திரும்பிப் பார்க்கவில்லை.

“பாத்தியா?”

“ம்.”

விளக்கைப் பார்க்கப் பேருந்து மெல்ல முன்னால் நகர்ந்தது. பேருந்து நகர்ந்ததும், பச்சை விழுந்துவிட்டது என்று இரண்டு பக்கமும் பைக்குகள் நகர்ந்தன. மேலிருந்து பார்த்தால் எல்லாருமே திமிர் பிடித்தவர்கள். இங்கிருந்து பார்த்தால் முன்னால் போகிறவரை நம்பிப் பின்னால் போகிறவர்கள்.

மறுநாள் இன்ஸ்பெக்டர் அறைக்குப் போனாள். உட்காரச் சொன்னார்; உட்காரவில்லை.

“சார், மணிக்கூண்டுல பஸ்காரங்களுக்கு சிக்னல் தெரியல. புதுசா வச்ச பலகை மறைக்குது. பஸ் நகருது, அதைப் பாத்து மத்தவங்க நகர்றாங்க.”

அவர் சாலைப் பிரிவுப் பொறியாளரைப் போனில் பிடித்தார். ஒலி வெளியே கேட்கும்படி வைத்தார். பொறியாளர் உற்சாகமான ஆள். “ஆமா சார், நாங்கதான் வச்சோம். கார்ல போய்ப் பாத்தோம், பளிச்சுனு தெரிஞ்சுது. பஸ்ல யாரும் ஏறிப் பாக்கலை, தப்புதான். பலகையை நகத்தணும்னா மருத்துவமனைக்காரங்க, ரயில்வேக்காரங்க எல்லார்கிட்டயும் கேக்கணும். கோட்டைப் பின்னாடி தள்ளிடலாமே சார்? பெயிண்ட்காரங்க ஒரு காலையில முடிச்சுடுவாங்க. தள்ளி நின்னா பலகைக்குப் பக்கத்துல விளக்கு தெரிஞ்சுடும்.”

போனை வைத்துவிட்டு இன்ஸ்பெக்டர் சிரித்தார். “நல்ல வேலை செஞ்சீங்க. ரெக்கார்டிங் ஆளுங்க...”

“அது வேணாம் சார்.”

அவள் அப்படி ஒரு வாக்கியத்தை அந்த அறையில் சொல்வது அதுதான் முதல் தடவை. அவர் பேனாவைக் கீழே வைத்தார்.

“அது நான் எங்க வீட்டுக்காரரைக் கூப்பிடறது சார். வேற எப்படிக் கூப்பிடறதுன்னு எனக்குத் தெரியாது. அதை எல்லாருக்கும் குடுத்துட்டா என்கிட்ட ஒண்ணும் இருக்காது.”

அவர் நாற்காலியில் சாய்ந்துகொண்டார்.

“உண்மையைச் சொல்லணும்னா, அன்னிக்கு நீங்க சொன்னப்ப நான்கூட நிமிர்ந்து உக்காந்துட்டேன். என் வீட்டம்மாவோன்னு,” என்றார். பிறகு அதிகாரி ஆனார். “சரி. கோட்டைத் தள்ளிப் பாப்போம். ஒழுங்கா நின்னாங்கன்னா ரெக்கார்டிங் வேண்டாம். அதுக்கப்புறமும் தாண்டினாங்கன்னா, நீங்க பேசித்தான் ஆகணும். ஒத்துக்கறீங்களா?”

ஒத்துக்கொண்டாள்.

பெயிண்ட்காரர்கள் விடியலில் வந்து, சாலையில் தடுப்பு வைத்து, பழைய கோட்டைக் கறுப்பால் மூடி, புதுக் கோட்டைப் போட்டுவிட்டுப் போனார்கள். கூட்ட நேரம் தொடங்கியபோது இன்ஸ்பெக்டரே அவள் நாற்காலிக்குப் பின்னால் வந்து நின்றார். முதல் பேருந்து வந்தது. புதுக் கோட்டை ஏறிக் கடந்து, பழைய கோடு இருந்த இடத்தில், பழக்கம் விடாமல் போய் நின்றது. பைக்குகளும் கூடவே போய் நின்றன. இன்ஸ்பெக்டர் தொண்டையைச் செருமினார். அடுத்த பேருந்தும் அப்படித்தான். அவள் மைக் பொத்தானுக்குப் பக்கத்திலிருந்த கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள்.

மூன்றாவதாக வந்த சிவப்புப் பேருந்தின் ஜன்னலில் மஞ்சள் துண்டு தெரிந்தது. கோட்டைத் தொடுவதற்கு முன்னாலேயே வேகம் குறைந்தது. சக்கரம் கோட்டை மிதிக்காமல், அளந்து வைத்த மாதிரி வண்டி நின்றது. நகரவில்லை. முன்னால் பாய்ந்த ஒரு பைக்குக்காரர், தான் மட்டும் தனியாக நிற்பதை உணர்ந்து இரண்டு பக்கமும் பார்த்துவிட்டு, கால்களால் உந்திக்கொண்டு பின்னால் வந்தார். அதற்குப் பிறகு வந்த பேருந்து, முன்னதைப் பார்த்து, அடுத்த தடத்தில் அதற்கு நேராக நின்றது. பாதசாரிகள் கோடுகளின் மேல் நேராக நடந்து போனார்கள்.

முழங்கை ஜன்னலை விட்டு நகர்ந்தது. ஓட்டுநர் தலையை வெளியே நீட்டினார். எல்லாரும் பார்க்கும் கம்பத்தைப் பார்க்கவில்லை. நேராகக் கேமராவைப் பார்த்தார்.

“உங்காளா?” என்றார் இன்ஸ்பெக்டர்.

“ஆமா சார்.”

“ம். சாயங்காலம் வரைக்கும் பாப்போம்,” என்றுவிட்டுப் போனார். சாயங்காலத்துக்குள் ரெக்கார்டிங் ஆட்களை வர வேண்டாம் என்று சொல்லிவிட்டார்.

அன்று வீட்டில் அவர் செய்தித்தாளை விரித்து உட்கார்ந்திருந்தார். மகள் எழுதிக்கொண்டிருந்தாள். மேல்தட்டு டப்பா வேண்டியிருந்தது. அவள் ஸ்டூலை இழுத்தாள், நிறுத்தினாள். அடுப்படி வாசலில் வந்து நின்று இருமினாள்.

“என்ன, விடாம இருமற?” என்றார் செய்தித்தாளுக்குப் பின்னாலிருந்து. “மருந்து வாங்கிட்டு வரணுமா, இல்ல யாரையாவது கூப்பிடணுமா?”

“டிப்போல கிண்டல் பண்றாங்கன்னு சொன்னீங்க.”

“டிப்போல இப்ப என்கிட்ட வந்து கேக்கறாங்க, ‘ஏங்க’ சொன்னா கோடே நகருமாமேன்னு. பண்ணட்டும்.” ஒரு பக்கத்தைத் திருப்பினார். “அதுக்குன்னு வீட்டுக்குள்ள இருமிக்கிட்டே இருப்பியா?”

அவள் வாசல் கதவைப் பார்த்தாள். சாத்தியிருந்தது.

“ஏங்க,” என்றாள். பழைய குரல், மேல்தட்டுக் குரல்.

“அம்மா, மைக் ஆன்ல இருக்கு!” என்று மகள் கத்தினாள்.

அவர் செய்தித்தாளை மடித்து வைத்துவிட்டு எழுந்து வந்து டப்பாவை இறக்கிக் கொடுத்தார்.